அப்பாவின் வரிக்கணக்கை ஆடிட்டரிடமிருந்து மீட்ட கதை

அப்பாவுக்கு வந்த கடிதத்தில் ஒரு வரிதான் வீட்டைக் கிளப்பிவிட்டது. "சென்ற ஆண்டு தங்களுடைய வைப்புநிதி வட்டி நான்கு லட்சத்தைத் தாண்டியுள்ளது. இதற்கான வரிச்சுமையைக் குறைக்க ஒரு நல்ல திட்டம் இருக்கிறது." அதன் கீழே ஒற்றைப் பிரீமியம் இன்ஷூரன்ஸ் பாலிசி ஒன்றின் விவரம். அனுப்பியவர், அப்பாவுக்குப் பல வருஷமாக வருமான வரி ரிட்டர்ன் போட்டுத் தருகிறவர். அதே வாசகம் வாட்ஸ்அப்பிலும் வந்து சேர்ந்தது.

"கெடு நெருங்குகிறது, பென்ஷன் சான்றைக் கொண்டுவாருங்கள்" என்று எழுதியிருந்தால் நன்றி சொல்லியிருப்போம். வரிக்கணக்குக்காகக் கொடுத்த வருமான விவரத்தை எடுத்துப் பாலிசி விற்கப் பார்த்ததுதான் பிரச்சினை. இத்தனைக்கும் அப்பா கொடுத்தது ஒரு வங்கியின் வட்டிச் சான்று மட்டும். கடிதத்தில் இருந்தது மூன்று வங்கிகளின் கூட்டுத்தொகை.

அவருக்கு அது கிடைத்ததில் மர்மம் ஒன்றும் இல்லை. 2021 நவம்பரிலிருந்து வருமான வரி இணையதளத்தில் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கை இருக்கிறது. எந்த வங்கியில் எவ்வளவு வட்டி, எவ்வளவு டிவிடெண்ட், என்ன நிலம் வாங்கினீர்கள், விற்றீர்கள் எல்லாம் அதில் தெரியும். ரிட்டர்ன் போடுகிறவர் அதைப் பார்க்கத்தான் வேண்டும், தப்பில்லை. ஆனால் பாஸ்வேர்டைக் கொடுப்பது பீரோச் சாவியைக் கொடுப்பது மாதிரி. அப்பா விஷயத்தில் சாவியே அவர் செய்ததுதான். பாஸ்வேர்டு அவர் வைத்தது, பதிவான மொபைலும் மின்னஞ்சலும் அவர் ஆபீஸுடையவை. அதாவது துறையிலிருந்து நோட்டீஸ் வந்தாலும் அது அவருக்குத்தான் போகும். உங்கள் வீட்டுப் பெரியவர்களுடைய கணக்கில் யாருடைய நம்பர் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

சரி, பாஸ்வேர்டை மாற்றலாம் என்று உட்கார்ந்தேன். 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று கொடுத்தால் சில வழிகள் காட்டும். பதிவான மொபைலுக்கு ஓடிபி என்றால் அது அவர் ஆபீஸுக்குப் போகும். டிஜிட்டல் கையெழுத்து அப்பாவிடம் இல்லை. நெட் பேங்கிங்கும் இல்லை. மிச்சம் ஆதார் ஓடிபி. ஆதாரில் இருந்ததோ அப்பா எப்போதோ விட்டுவிட்ட பழைய நம்பர். ரிட்டர்னை ஆன்லைனில் ஓடிபி போட்டு உறுதிசெய்யாமல், அவர் வருஷா வருஷம் ஐடிஆர்-வி என்ற உறுதிமொழித் தாளில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கி பெங்களூருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பியது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

ஆதாரில் மொபைல் நம்பர் மாற்ற எந்த ஆவணமும் தேவையில்லை. ஆள் நேரில் போய்க் கைரேகை வைத்தால் போதும். இதை நாங்கள் முதலில் போன தபால் நிலைய ஆதார் கவுண்டரில் இருந்தவரிடம் யாரும் சொல்லவில்லை போல. "அட்ரஸ் ப்ரூஃப் ஒரிஜினல் எங்கே?" என்றார். "சார், நம்பர் மட்டும்தான் மாத்தணும்" என்றேன். "எதுவா இருந்தாலும் ப்ரூஃப் வேணும், அடுத்த ஆள் வாங்க" என்று முடித்துவிட்டார். எழுபது தாண்டியவரை வெயிலில் ஆட்டோவில் கூட்டிப்போய்த் திரும்பக் கூட்டிவந்தேன். வீட்டுக்கு வந்து ஆதார் ஆணையத்தின் தளத்தில் அந்த விதி இருக்கும் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்தேன். அடுத்த முறை ஒரு வங்கிக் கிளையில் இருக்கும் மையத்துக்குப் போனோம். அந்தப் பெண் பிரிண்டைப் பார்க்கக்கூட இல்லை. விரலை வைக்கச் சொன்னார், அதோடு முடிந்தது. அப்போது கட்டணம் 50 ரூபாய். 2025 அக்டோபரிலிருந்து 75.

நம்பர் ஆதாரில் ஏறியதும் மற்றதெல்லாம் மளமளவென்று நடந்தது. பாஸ்வேர்டு, மொபைல், மின்னஞ்சல் மூன்றையும் மாற்றினேன். கையோடு 'ஈ-ஃபைலிங் வால்ட்' வசதியையும் போட்டுவிட்டேன். இனி பாஸ்வேர்டு தெரிந்தாலும் ஆதார் ஓடிபி இல்லாமல் யாரும் நுழைய முடியாது.

கொஞ்ச நாளில் அவர் ஆபீஸிலிருந்து அப்பாவுக்கு போன். "சார், லாகின் ஆக மாட்டேங்குதே, பாஸ்வேர்டு மாத்திட்டீங்களா?" அப்பா, "ஆமா தம்பி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

அப்புறம் புகார் படலம். சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்கள் சட்டம், 1949இன் முதல் அட்டவணையில், சுற்றறிக்கை, விளம்பரம், நேரடித் தகவல் மூலமாக வேலை பிடிப்பதைத் தொழில் ஒழுக்கக் கேடு என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்களின் (சிஏ) இன்ஸ்டிடியூட்டுக்கு எழுதலாம் என்று உறுப்பினர் பட்டியலில் தேடினேன். அவர் பெயர் இல்லை. ஊரே ஆடிட்டர் என்று கூப்பிடும் மனிதர் சிஏ இல்லை. போர்டில் 'டாக்ஸ் கன்சல்டன்ட்' என்றுதான் போட்டிருக்கிறார். படித்துப் பாஸ் பண்ணி வந்தவருக்குக் கட்டுப்பாடு. எந்தப் பதிவும் இல்லாதவர் யாருக்கு வேண்டுமானாலும் கடிதம் போடலாம்!

நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அங்கே வரிச் சட்டத்தின் 7216ஆம் பிரிவே இதற்காக இருக்கிறதாம். வாடிக்கையாளரின் முன் சம்மதம் இல்லாமல் ரிட்டர்ன் விவரத்தை வைத்து இப்படி வேறு சரக்கு விற்றால் அது கிரிமினல் குற்றம்; ஓராண்டு வரை சிறைகூட உண்டு. வரி வேலை சம்பந்தமாக எழுதுவதற்குப் பெயர், முகவரி கொண்ட பட்டியல் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். நம் ஊரில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம்.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: பழைய ரிட்டர்ன்களை இறக்கிப் பார்த்தேன், கணக்கில் ஒரு தப்பும் இல்லை. எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. "ரீஃபண்ட் அதிகம் வாங்கித் தருகிறோம்" என்று மெசேஜ் அனுப்பி, கொடுக்காத நன்கொடையைக் கொடுத்ததாகக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 2025 ஜூலை 14 அன்று வருமான வரித்துறை நாடு முழுக்க 150 இடங்களில் இறங்கியது இவர்களைத் தேடித்தான். உங்கள் ரிட்டர்னில் 80ஜிஜிசி என்று அரசியல் கட்சி நன்கொடை ஏதாவது தெரிந்தால் உடனே விசாரியுங்கள். மாட்டப்போவது கையெழுத்துப் போட்ட நீங்கள்.

கடைசியில் அவருக்கே ஒரு பதிவுத் தபால் போட்டேன். அப்பாவின் விவரங்களை ரிட்டர்ன் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது, அந்த இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று. "லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டோம் சார்" என்று வாட்ஸ்அப்பில் பதில் வந்தது. இரண்டாவது கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

இந்த வருஷம் ரிட்டர்னை நானே போட்டேன். ஆள் வைத்துத்தான் போட வேண்டும் என்றாலும் பாஸ்வேர்டு கொடுக்க வேண்டியதில்லை. தளத்தில் 'மை ஈஆர்ஐ' என்ற இடத்தில், ரிட்டர்ன் போட்டுத் தரத் துறையிடம் பதிவு பெற்ற இடைத்தரகரைச் சேர்த்துக்கொள்ளலாம், வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம்.