புற்றுநோய் வலியும் மார்பின் (morphine) மருந்து குறித்த தயக்கமும்

புற்றுநோயாளி தன் வலியை 10-க்கு 8 என்று சொன்ன பிறகும், அடிமையாகிவிடுவார், மூச்சு நின்றுவிடும் என்று அஞ்சி, அபின் வகை வலிநிவாரணியான மார்பினைத் தரத் தயங்கும் மருத்துவர்களும் செவிலியர்களும் இன்றும் இருப்பது என்னை மிகவும் வருத்துகிறது. உலக சுகாதார நிறுவனம் 1986-இலேயே, வலியின் கடுமைக்கேற்ப மருந்தைப் படிப்படியாக உயர்த்தும் வலிநிவாரணப் படிநிலையை வெளியிட்டு, வலி திரும்பும்வரை காத்திராமல் குறித்த நேரத்தில் மருந்தைக் கொடுக்க வலியுறுத்தியது. சாதாரண மார்பின் மாத்திரையின் பலன் ஏறத்தாழ 4 மணி நேரமே நீடிக்கும் என்பதால், ‘தேவைப்பட்டால் மட்டும்’ என்று எழுதித் தரும் சீட்டு நோயாளியை மீண்டும் மீண்டும் வலிக்குள் தள்ளுகிறது. சிறிய அளவில் தொடங்கி, வலிக்கேற்பக் கவனமாகக் கூட்டினால் மூச்சு மந்தமாவது அரிது. ஏறக்குறைய எல்லோருக்கும் வரும் மலச்சிக்கலுக்கு முதல் நாளிலிருந்தே மலமிளக்கி தர வேண்டும் என்பதோ எளிதில் மறக்கப்படுகிறது. இந்தியாவின் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் 2014-இல் திருத்தப்பட்டு, மார்பின் போன்ற மருந்துகளுக்கான உரிம நடைமுறை எளிதாக்கப்பட்டது. இனி மாற வேண்டியது செவிலியர், மருத்துவர் பயிற்சிதான்.