ஃப்ரிட்ஜ் பக்கத்தில் ஒட்டிய சம்பளம்

நியூ ஜெர்சியில் ஒரு நடுத்தர நிறுவனத்தின் எச்.ஆர். பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். எச்.ஆர். என்றதும் ஆள் எடுக்கிறவள், ஆளை வீட்டுக்கு அனுப்புகிறவள் என்று நினைத்துக்கொள்வார்கள். என்னிடம் அந்த இரண்டு அதிகாரமும் இல்லை. யார் எந்தப் பதவியில் இருக்கிறார், எப்போது சேர்ந்தார், என்ன வாங்குகிறார் என்ற கணக்கைப் பார்ப்பதுதான் என் வேலை. அதனால் மதியச் சாப்பாட்டு மேசையில் நான் போய் உட்கார்ந்தால் சம்பளப் பேச்சு சட்டென்று வானிலைப் பேச்சாக மாறிவிடும்.

ஒவ்வொரு வருடமும் ஈஈஓ-1 என்று ஓர் அறிக்கை தயாரிக்க வேண்டும். 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற தனியார் நிறுவனங்கள் இதை மத்திய அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்துக்கு அனுப்பியாக வேண்டும். 1966-லிருந்து இருக்கிற வழக்கம். 10 பணி வகைகள், 7 இன வகைகள், ஆண், பெண் என்று கட்டம் கட்டமாகப் பிரித்து ஆள் எண்ணிக்கையைப் போட வேண்டும். சம்பளம் இதில் வராது. ஒபாமா காலத்தில் 2016-ல் சம்பளத்தையும் சேர்ப்பதாக முடிவானது. டிரம்ப் வந்ததும் 2017-ல் அதை நிறுத்தினார்கள். 2019-ல் நீதிமன்றம் சொன்னதால் இரண்டு வருடக் கணக்கை மட்டும் வாங்கிக்கொண்டார்கள், அதோடு சரி.

இந்தக் கட்டங்களைப் பற்றி வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஊழியர் தன் இனத்தைச் சொல்ல விருப்பமில்லை என்று விட்டுவிட்டால், நிறுவனமே ஆவணங்களை வைத்தோ ஆளைப் பார்த்தோ ஒரு கட்டத்தில் போட்டுக்கொள்ளலாம். அப்படி அடையாள அட்டைப் படத்தைப் பார்த்து முடிவு செய்கிற வேலை எனக்கும் வந்திருக்கிறது. வெட்கக்கேடான வேலை. கெய்ரோவில் பிறந்த ஒரு பொறியாளரை 'வெள்ளையர்' கட்டத்தில் போட்டேன், ஏனென்றால் மத்திய கிழக்கும் வட ஆப்பிரிக்காவும் இந்த விளக்கத்தின்படி வெள்ளையர்தான். தெருவில் அவரை அப்படி யாரும் நடத்துவதில்லை.

நம் ஆட்களின் கதை இன்னும் கோணல். 1923-ல் பகத் சிங் திந்த் என்ற சீக்கியருக்கு நீ வெள்ளையன் இல்லை, உனக்குக் குடியுரிமை கிடையாது என்றது உச்ச நீதிமன்றம். 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியர்களை வெள்ளையர் கணக்கில் சேர்த்தார்கள். அப்புறம் இந்திய அமைப்புகள் எங்களைத் தனியாக எண்ணுங்கள் என்று முயற்சி எடுத்து, 1980-ல் 'ஆசிய இந்தியர்' என்ற கட்டம் வந்தது. சிறுபான்மையினருக்கான பாதுகாப்பு தங்களுக்கும் வேண்டும் என்றுதான் கேட்டார்கள். இன்று அதே சமூகத்தில் பலர் "எதற்கு இந்தக் கட்டமெல்லாம்?" என்று கேட்கிறார்கள்.

எனக்கும் கட்டங்கள் பிடிக்காதுதான். ஆனால் அவை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு காகிதம் எனக்குக் காட்டியது.

வெளிநாட்டு நிபுணர்களுக்கான எச்-1பி வேலை விசாவில் ஆள் எடுக்கும்போது நிறுவனம் தொழிலாளர் துறைக்கு ஒரு விண்ணப்பம் போட வேண்டும். அந்த விவரத்தை வேலை நடக்கிற இடத்தில், கண்ணில் படுகிற இரண்டு இடங்களில் 10 நாள் ஒட்டி வைக்க வேண்டும். எங்கள் நிறுவனம் விண்ணப்பத்தின் நகலையே ஒட்டிவிடும். ஆள் பெயர் இருக்காது. பதவி, ஊர், சம்பளம் இருக்கும். எங்கள் மாடியில் அது சாப்பாட்டு அறை ஃப்ரிட்ஜ் பக்கத்துச் சுவரில், குறைந்தபட்சக் கூலி அறிவிப்புக்கு அடுத்து ஒட்டியிருக்கும். யாரும் படிப்பதில்லை.

ஒரு கறுப்பினப் பெண் படித்தார். பிசினஸ் அனலிஸ்ட். என்னைவிட மூத்தவர், தன் குழுவில் புதிதாக வருகிறவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுப்பவர். சுவரில் இருந்தது அவருடைய பதவி, அவருடைய ஊர். சம்பளம் மட்டும் அவருடையதைவிட ஆயிரக்கணக்கில் அதிகம். செல்போனில் படம் எடுத்துக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்தார். கோபமாகப் பேசவில்லை. "இது எந்த வகைக் கணக்கு என்று எனக்குச் சொல்" என்றார்.

அடுத்தவர் சம்பளத்தை நான் வாய் திறந்து சொல்லக் கூடாது. ஆனால் சுவரில் இருப்பதைப் பற்றி அவர் பேசலாம். சாதாரண ஊழியர்கள் தங்களுக்குள் சம்பளம் பேசிக்கொள்ளும் உரிமையை 1935-ன் தொழிலாளர் உறவுச் சட்டமே பாதுகாக்கிறது. அலுவலகத்தில் பாதிப் பேர் அது தடை செய்யப்பட்டது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை யாரும் அவசரப்பட்டுத் திருத்துவதும் இல்லை.

லில்லி லெட்பெட்டர் ஞாபகம் வந்தார். அலபாமாவில் காட்ஸ்டன் என்ற ஊரில் குட்இயர் டயர் ஆலையில் 1979-லிருந்து வேலை செய்தவர். பணியின் கடைசிக் காலத்தில் அவருடைய பதவியில் 15 ஆண்கள், ஒரே பெண் அவர். மாதச் சம்பளம் 3,727 டாலர். அந்த ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கே 4,286 டாலர், அதிகம் வாங்கியவருக்கு 5,236. யாரோ பெயர் போடாமல் எழுதிவைத்த ஒரு துண்டுச் சீட்டில்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. வழக்குப் போட்டு, 2007-ல் உச்ச நீதிமன்றத்தில் 5-க்கு 4 என்று தோற்றார். சம்பளம் முடிவான 180 நாளுக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டுமாம். தெரியாத ஒன்றைப் பற்றி எப்படிப் புகார் கொடுப்பது? நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் தன் மாறுபட்ட தீர்ப்பை நீதிமன்றத்தில் வாய்விட்டே படித்தார். 2009 ஜனவரியில் ஒபாமா லெட்பெட்டர் பெயரில் சட்டம் கொண்டுவந்து அந்தக் கெடுவை மாற்றினார். லெட்பெட்டருக்கு அதனால் ஒரு காசும் கிடைக்கவில்லை.

எங்கள் அலுவலகத்தில் மேலே தகவல் போனதும் வக்கீல்கள் வந்தார்கள். இனி என் எக்செல் தாள் ஒவ்வொன்றும் வக்கீலின் ரகசிய ஆவணம் என்று மேலே எழுதப்பட வேண்டும் என்றார்கள். நாளைக்கு வழக்கு வந்தால் எதிர்த்தரப்பு கேட்டு வாங்க முடியாதபடி ஓர் ஏற்பாடு. சரி என்று அந்தப் பதவியில் இருந்த எல்லோரையும் சேர்ந்த வருடம், அனுபவம், மதிப்பீடு என்று வரிசைப்படுத்திப் பார்த்தேன். அவர் ஒருவர் மட்டும் அல்ல. இன்னும் சில பெண்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வழியில் வந்த ஹிஸ்பானிக் பெண்களும், வரிசையில் அடியில் கிடந்தார்கள். மதிப்பீட்டில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை.

காரணத்தைத் தோண்டினால் வில்லன் என்று யாரும் அகப்படவில்லை. வேலைக்குச் சேரும்போது, பழைய இடத்தில் என்ன வாங்கினீர்கள் என்று கேட்டு அதன் மேல் ஒரு சதவீதம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நியூ ஜெர்சியில் 2020 ஜனவரி முதல் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. இவர்கள் அதற்கு முன்னால் சேர்ந்தவர்கள். பழைய இடத்தில் கொடுத்த குறைச்சல் கூடவே வந்து, ஒவ்வொரு வருட உயர்விலும் வட்டி போல ஏறியிருக்கிறது. விசாவில் வருகிறவருக்கோ அந்த ஊரில் அந்த வேலைக்கு நிலவும் ஊதியத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆக, வெளியிலிருந்து வந்தவருக்குச் சம்பளத்துக்கு ஓர் அடித்தளம் இருந்தது, உள்ளூர்ப் பெண்ணுக்கு இல்லை.

விதியில் இனம், பால் என்ற சொல்லே இருக்காது, விளைவில் இருக்கும். இது அமெரிக்காவுக்குப் பழைய கதை. வட கரோலினாவில் ட்யூக் பவர் என்ற மின் நிறுவனத்தின் டிரேப்பர் நிலையத்தில் கறுப்பினத் தொழிலாளர்களைக் கூலிப் பிரிவில் மட்டுமே வைத்திருந்தார்கள். இனம், பால் போன்றவற்றால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் 1964-ன் குடிமை உரிமைகள் சட்டத்தின் வேலைவாய்ப்புப் பகுதி 1965 ஜூலை 2 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் நிறுவனம் மற்ற பிரிவுகளுக்குப் புதிதாகத் தேர்வு வைத்தது. தேர்வு எல்லோருக்கும் பொது. வேலைக்குச் சம்பந்தமில்லாத அப்படிப்பட்ட தேர்வு, விளைவில் ஒரு இனத்தைத் தள்ளி வைத்தால் செல்லாது என்று 1971-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. விளைவைக் காட்ட எண்ணிக்கை வேண்டும். என் கட்டங்களுக்கு இருக்கிற ஒரே நியாயம் அதுதான்.

கடைசியில் சம்பளத்தை உயர்த்தினார்கள். கடிதத்தில் 'சந்தை நிலவரத்துக்கு ஏற்ற திருத்தம்' என்று எழுதியிருந்தது. தவறு என்ற பேச்சே இல்லை. பழைய வருடங்களுக்கு எதுவும் இல்லை. அந்தப் பெண் கடிதத்தைப் படித்துவிட்டு, "மற்றவர்களுக்கும் உண்டா?" என்று மட்டும் கேட்டார். உண்டு என்று நான் சொல்லக் கூடாது. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பார்.

விஷயம் கசிந்தது, எப்போதும் கசியும். நம் ஆட்கள் உட்காருகிற மேசையில் முணுமுணுப்பு. "இங்கேயும் கோட்டா வந்தாச்சா?" "திறமைக்குத்தானே காசு?" ஊரில் இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேசிப் பழகிய அதே வாக்கியங்கள், விமானம் ஏறி வந்திருக்கின்றன. கோட்டா இங்கே கிடையவே கிடையாது. கல்லூரி அனுமதியில் இனத்துக்கு இத்தனை இடம் என்று ஒதுக்குவதை 1978-லேயே உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2023-ல் அனுமதியில் இனத்தைக் கருத்தில் எடுத்துக்கொள்வதையே ஏறக்குறைய முடித்துவைத்தது. அலுவலகத்தில் நடந்தது ஒரே வேலைக்கு ஒரே சம்பளம், அவ்வளவுதான்.

திறமை பேசுகிறவர்களிடம் எனக்கு ஒரு வருடத்தைச் சொல்ல ஆசை. 1965. ஆகஸ்ட் 6-ல் வாக்குரிமைச் சட்டம், செப்டம்பர் 24-ல் அரசு ஒப்பந்தக்காரர்கள் பாகுபாடு காட்டக் கூடாது என்ற 11246-ம் ஆணை, அக்டோபர் 3-ல் குடியேற்றச் சட்டம். மூன்றிலும் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் இரண்டு மாதத்துக்குள் கையெழுத்துப் போட்டார். அதற்கு முன் இந்தியாவிலிருந்து குடியேற வருடத்துக்கு 100 இடம்தான். அலபாமாவின் செல்மா பாலத்தில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போய்த் தடியடி வாங்கியவர்கள் இல்லாமல் அந்த மூன்றாவது கையெழுத்து வந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நம் ஆட்கள் நிறைய வாழும் நியூ ஜெர்சியின் எடிசனில் தோசைக் கடை இருப்பதற்கும் அந்த அலபாமா பாலத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று சொன்னால் விருந்துகளில் பேச்சு மாறிவிடும்.

2025 ஜனவரி 21 அன்று டிரம்ப் அந்த 11246-ம் ஆணையை ரத்து செய்தார். அரசு ஒப்பந்தம் வைத்திருந்த நிறுவனங்கள் ஒவ்வொரு வருடமும் தங்கள் ஆள் கணக்கை இனம், பால் வாரியாக அலசி எழுதிவைக்க வேண்டும் என்ற கடமை அதோடு போனது. ஏப்ரலில் இன்னோர் ஆணை: விளைவை வைத்துப் பாகுபாட்டைக் கண்டுபிடிக்கும் முறைக்கு அரசு அமைப்புகள் இனி முன்னுரிமை தர வேண்டாம். 1964-ன் சட்டம் அப்படியே இருக்கிறது. பாகுபாடு இன்றும் சட்டவிரோதம்தான், தேடிப் பார்க்கிற வேலையைத்தான் கைவிட்டார்கள். எங்கள் நிறுவனத்தில் 'பன்முகத்தன்மை' என்று தொடங்கிய பக்கங்கள் ஒரே வாரத்தில் இணையதளத்திலிருந்து மறைந்தன. அந்தப் பக்கங்களால் யாருக்கும் ஒரு டாலர் ஏறியதில்லை, எனக்கு வருத்தமில்லை. சம்பள அலசலையும் 'செலவு மிச்சம்' என்று நிறுத்தப் பார்த்தபோதுதான் வாதாடினேன். வக்கீல்களே என் பக்கம் நின்றார்கள். வழக்கு வரும் என்ற பயம் அவர்களுக்கு. சில நாள் நீதி இப்படித்தான் பிழைக்கிறது.

மாநிலம் வேறு திசையில் போகிறது. 2025 ஜூன் முதல் நியூ ஜெர்சியில் வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட வேண்டும். போட்ட முதல் மாதத்தில், திறமை பேசிய மேசையிலிருந்து ஒரு தம்பி தனியாக வந்தான். தன் பதவிக்கே வந்த விளம்பரத்தில் அடிமட்டச் சம்பளம் அவன் வாங்குவதைவிட அதிகம்.

"கேட்டா தப்பா, அக்கா?"

தப்பே இல்லை, விளம்பரத்தைச் சேமித்து வை, மேனேஜருக்கு மின்னஞ்சலில் கேள், வாயால் கேட்காதே என்றேன். யோசித்தான். கிரீன் கார்டு வரிசையில் இந்தியர்களுக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது, விண்ணப்பம் நிறுவனத்தின் கையில்.

"அவங்க கேட்டாங்க, அவங்க இந்த நாட்டுக்காரங்க. என்னை யார் வேணும்னாலும் அனுப்பிடலாம்" என்றான். அந்தப் பெண்ணின் குழுவில்தான் அவன் வேலை பார்க்கிறான். எப்படி எழுதுவது என்று அவரிடம் போய்க் கேள் என்றேன். இன்னும் கேட்கவில்லை.