கூரையைப் பிரித்தால் போதும்: சூட்லி கோட்டை நாட்குறிப்பு

ஜூன் 13, வியாழன்

சனிக்கிழமை சூட்லி கோட்டைக்குப் போவதென்று முடிவாகிவிட்டது. இங்கிலாந்தின் குளாஸ்டர்ஷயரில், வின்ச்கம் என்கிற சின்ன ஊரை ஒட்டியிருக்கிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் சித்தியின் விருப்பம்தான் இது. முழுசாக நிற்கிற அரண்மனை அவருக்கு வேண்டாமாம். "பளபளன்னு இருக்கிறதை டிவியிலேயே பார்த்துக்கலாம். இடிஞ்சதா ஒண்ணு காட்டும்மா." ஓய்வுபெற்ற வரலாற்று டீச்சர். செஞ்சிக் கோட்டைக்கு வருஷம் தவறாமல் பிள்ளைகளை மேய்த்துக்கொண்டு போய் வந்தவர்.

டிக்கெட் எடுக்க உட்கார்ந்தபோது, நம்மிடம் இருக்கும் நேஷனல் டிரஸ்ட் (பழைய இடங்களைப் பராமரிக்கும் அறக்கட்டளை) உறுப்பினர் அட்டை அங்கே செல்லாது என்றேன். தனியார் சொத்து, ஒரு குடும்பம் இன்னும் உள்ளே குடியிருக்கிறது. சித்திக்கு இது பிடிபடவே இல்லை. "கோட்டைன்னா தொல்லியல் துறையுது இல்லையா? அதை எப்படிச் சொந்தமா வெச்சுக்க முடியும்?" இங்கே வாங்கலாம், விற்கலாம், பிள்ளைக்கு எழுதியும் வைக்கலாம். ஆனால் சூட்லி முதல் தரப் பட்டியலில் இருக்கும் கட்டடம். அதன் தன்மையை மாற்றுகிற எந்த வேலைக்கும் முன்அனுமதி வாங்க வேண்டும், வாங்காமல் கை வைத்தால் குற்ற வழக்கு. இதைச் சொன்னதும் சித்தி ஒரு வரியில் முடித்துவிட்டார்: "ஆக, சொத்து அவங்களுது, சாவி கவர்மென்ட்டுது."

ஜூன் 15, சனி, இரவு 10 மணி

வின்ச்கம்மிலேயே ஒரு விடுதியில் தங்கியிருக்கிறோம். கால் கடுக்கிறது, ஆனாலும் இன்றே எழுதாவிட்டால் பாதி மறந்துபோகும்.

செல்டன்ஹாம் வரை ரயில், அங்கிருந்து பஸ். வின்யார்டு தெரு வழியாக இறங்கி, இஸ்போர்ன் ஆற்றைத் தாண்டினால் தோட்டத்துக்குப் போகும் பாதை வந்துவிடுகிறது. ஆறு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நம்மூர் வாய்க்கால் அகலம்தான்.

தூரத்திலிருந்து பார்த்தால் இடிந்த கட்டடம் மாதிரியே இல்லை. தேன் நிறச் சுண்ணாம்புக்கல், கோபுரம், கொத்தளம் எல்லாம் ஒழுங்காக நிற்கின்றன. பக்கத்தில் போனால்தான் ஒரு பக்கக் கட்டடத்தின் ஜன்னல்கள் வழியாக வானம் தெரிகிறது. அதுதான் விருந்து மண்டபம்.

அந்தச் சுவரடியில் ரொம்ப நேரம் நின்றோம். இரண்டு வரிசை ஜன்னல்கள், ஆளுயரத்தைத் தாண்டிய பெரிய ஜன்னல்கள். கல்லில் செதுக்கிய சட்டங்கள் இருக்கின்றன, கண்ணாடி இல்லை. கீழ்வரிசைக்கும் மேல்வரிசைக்கும் நடுவே இருந்த தளம் காணாமல் போய்விட்டதால், மேல்மாடி ஜன்னல்கள் யாரும் எட்டிப் பார்க்க முடியாத உயரத்தில் சும்மா நிற்கின்றன. உத்தரக்கட்டை செருகிய பொந்துகளில் காக்கையினத்துப் பறவைகள் குடியேறியிருக்கின்றன. சித்தி கேட்டது சரியான கேள்வி: "சண்டை போடுற கோட்டையில இவ்வளவு பெரிய ஜன்னலா? அம்பு நேரா சோத்துத் தட்டுல விழுமே!" இது சண்டைக்குக் கட்டியதல்ல, காட்டிக்கொள்ளக் கட்டியது. பிரான்சோடு நடந்த நூறாண்டுப் போரில் சம்பாதித்த பணத்தைப் போட்டு 1440களில் ரால்ஃப் போட்லர் கோட்டையை எழுப்பினார். அடுத்து வந்த உள்நாட்டுப் போரில் அவர் தோற்ற பக்கம். 1469-ல் நான்காம் எட்வர்டுக்கு விற்கவேண்டிய கட்டாயம் வந்தது. அரசன் அதைத் தன் தம்பிக்குக் கொடுத்தான். அந்தத் தம்பிதான் பின்னால் மூன்றாம் ரிச்சர்டு. இந்த மண்டபத்தை அவர் கட்டியதாகவே சொல்கிறார்கள். 1592-ல் முதலாம் எலிசபெத் இங்கே வந்து மூன்று நாள் விருந்து கொண்டாடியிருக்கிறார்.

பிறகு எப்படி இடிந்தது? பீரங்கி என்றுதான் சித்தி நினைத்தார். 1640களில் அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த இன்னொரு உள்நாட்டுப் போரில் இது அரசர் பக்கம் நின்ற கோட்டை, அடிபட்டதும் உண்மை. ஆனால் நிஜமான சாவு போர் முடிந்த பிறகு, 1649-ல், நாடாளுமன்ற உத்தரவால் வந்தது. இனி யாரும் இதைப் படைத்தளமாக்கக் கூடாது என்று செயலிழக்கச் செய்தார்கள். இந்த மாதிரிக் கட்டடத்தை ஒழிக்க வெடிமருந்து மூட்டை மூட்டையாக வேண்டியதில்லை. கூரையைப் பிரித்தால் போதும். மேலே வேய்ந்த ஈயத்தகட்டுக்கு நல்ல விலை, உத்தரங்களுக்கும் விலை. மற்றதை மழையும் பனியும் பார்த்துக்கொள்ளும். சுவருக்குள் இறங்கிய ஈரம் குளிர்காலத்தில் உறைந்து விரிந்து கல்லைப் பிளக்கும். விழுந்த கல்லைச் சுற்றுவட்டாரத்தார் வண்டி கட்டி எடுத்துப்போவார்கள். வின்ச்கம் வீடுகளின் கல்லும் அதே தேன் நிறம்தான். சித்தி போகிற வழியெல்லாம் ஒவ்வொரு வீட்டையும் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டு வந்தார்.

கிட்டத்தட்ட இரண்டு நூற்றாண்டு அப்படியே கிடந்திருக்கிறது. ஒரு கட்டத்தில் மிச்சமிருந்த பகுதியில் மதுக்கடை நடந்திருக்கிறது! 1837-ல் வூஸ்டர் நகரத்துக் கையுறை வியாபாரிகளான டென்ட் சகோதரர்கள் வாங்கினார்கள். குடியிருக்கத் தோதான பகுதிகளைச் செப்பனிட்டார்கள். விருந்து மண்டபத்தை மட்டும் கூரை போடாமல் விட்டுவிட்டார்கள்.

"கையில காசு இருந்தும் ஏன் விட்டாங்க?"

கஞ்சத்தனம் இல்லை சித்தி, ரசனை என்றேன். இடிபாட்டைத் தோட்டத்துக்கு நடுவே வைத்துப் பார்ப்பது அந்தக் காலத்துச் சீமான்களுக்குப் பெரிய மோகம். இல்லாதவர்கள் புதுச் சுவரையே இடிந்த மாதிரி கட்டிக்கொண்டார்கள். டென்ட்களுக்கு அசலே கையில் இருந்தது.

வீட்டுப் பகுதியை மட்டும் நாங்கள் வேகமாகக் கடந்தோம். கயிறு கட்டிய நாற்காலிகளும் எண்ணெய் ஓவியங்களும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

ஜூன் 16, ஞாயிறு, காலை

நேற்று தூக்கம் வந்துவிட்டதால் முக்கியமானதை எழுதவில்லை. கேத்தரின் பார் என்ற அரசியின் கதை.

கோட்டை வளாகத்திலேயே சின்னதாக ஒரு தேவாலயம், புனித மேரி தேவாலயம். எட்டாம் ஹென்றியின் ஆறாவது மனைவி அங்கேதான் கிடக்கிறார். வெள்ளைப் பளிங்குச் சிலை, கைகூப்பிப் படுத்திருக்கிறது. சிலை 19-ஆம் நூற்றாண்டுக்காரர்களின் கைங்கரியம்.

ஹென்றி செத்த பிறகு, 1547-லேயே, கேத்தரின் தாமஸ் சீமோரைக் கட்டிக்கொண்டார், அடுத்த வருஷம் சூட்லிக்கு வந்தார். 1548 ஆகஸ்ட் 30-ல் மேரி என்ற பெண் குழந்தை. செப்டம்பர் 5-ல் தாய் இறந்துபோனார். பிரசவக் காய்ச்சல். அடுத்த மார்ச்சில் தாமஸ் சீமோரின் தலை போனது, ராஜத்துரோகக் குற்றம். அந்தக் குழந்தையைப் பற்றி 1550-க்குப் பிறகு எந்த ஏட்டிலும் பேச்சே இல்லை. சித்தி இதைக் கேட்டுவிட்டுச் சிலைக்கு முன்னால் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "ஹென்றிகிட்ட தப்பிச்சவ, பிரசவத்துல போனாளா" என்று மட்டும் சொன்னார். இங்கிலாந்தில் தன் பெயர் போட்டு 1545-ல் அச்சுப் புத்தகம் வெளியிட்ட அரசி இவர் என்பதைப் பாடப் புத்தகங்கள் சொல்வதில்லை. ஆறாவது மனைவி, அவ்வளவுதான்.

மிச்சக் கதை இன்னும் மோசம். கோட்டையோடு சேர்ந்து தேவாலயமும் கூரை இழந்தது, கல்லறை இருந்த இடமே மறந்துபோனது. 1782-ல் இடிபாட்டுக்குள் ஈயப்பெட்டி தட்டுப்பட, திறந்து பார்த்திருக்கிறார்கள். இருநூற்றுச் சொச்சம் வருஷம் கழித்தும் உடல் கெடாமல் இருந்ததாம். காற்றுப் பட்டதும் கெடத் தொடங்கியது. அப்படியும் விடவில்லை. அடுத்த பத்து வருஷத்தில் திரும்பத் திரும்பத் திறந்திருக்கிறார்கள். அப்படி வெட்டியெடுத்த ஒரு கற்றை முடியும் ஒரு பல்லும் கோட்டைக்குள் காட்சிக்கு இருக்கின்றன. நான் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன் இரண்டு நொடிக்கு மேல் நிற்கவில்லை. காட்சிக்கு வைக்காமல் இருந்திருக்கலாம் என்பது என் கட்சி. சித்தி என் கட்சி இல்லை. "எடுத்தவனோட வெட்கத்தையும் சேர்த்துத்தான் வெச்சிருக்காங்க, இருக்கட்டும்" என்கிறார்.

1817-ல் முறையாக மறு அடக்கம் செய்யப் பெட்டியை எடுத்தபோது உள்ளே எலும்புக்கூடுதான் மிச்சம். சுவரில் படர்ந்த ஐவிக்கொடி எப்படியோ பெட்டிக்குள் நுழைந்து, மண்டையோட்டைச் சுற்றிக் கிரீடம் மாதிரி வளைந்திருந்ததாம். கதையை அழகாக்கிச் சொன்னார்களோ என்னவோ. ஆனால் ஐவியின் குணம் தெரிந்தவர்களுக்கு நம்ப முடியாததல்ல. சித்திக்கும் உடனே பிடிபட்டது: "நம்ம கோபுரத்துல அரசங்கன்னு முளைக்கிற மாதிரி."

அதே நாள், மாலை

மழை விட்டுவிட்டுப் பெய்தாலும் காட்ஸ்வோல்ட் வே நடைபாதையில் ஹேல்ஸ் மடாலம் வரை போய்விட்டு வந்தோம். 1246-ல் கட்டத் தொடங்கியது, 1539 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், மடாலங்களைக் கலைத்துவந்த எட்டாம் ஹென்றியின் ஆட்களிடம் ஒப்படைக்கப்பட்டது. இங்கே நம் அட்டை செல்லும். சித்திக்கு அதில் ஒரு திருப்தி.

ஒட்ட வெட்டிய புல்வெளி, அதன் நடுவே சில வளைவுகள், தரையோடு தரையாய் அடித்தளக் கோடுகள். ஒரு கொடி, ஒரு பூ கிடையாது. 20-ஆம் நூற்றாண்டில் இந்நாட்டு அரசாங்கம் கையிலெடுத்த இடிபாடுகள் பெரும்பாலும் இப்படித்தான். செடியை எல்லாம் உரித்து, சுவரைக் கட்டுக்கோப்பாக்கி, புல் விதைத்து, பலகை நட்டுவிடுவார்கள். படிப்பதற்கு ரொம்பத் தெளிவு.

சூட்லியில் நேர் எதிர். விருந்து மண்டபச் சுவரில் ரோஜா ஏறுகிறது. இடிந்த பழைய தானியக் களஞ்சியத்தின் சுவர்களுக்குள்ளேயே ஒரு தோட்டம், பக்கத்தில் மீன் குளம். அரசியின் தோட்டம் என்று பெயரிட்ட பெரிய சதுரத்தில் பழைய வகை ரோஜாக்கள். இந்த ஜூன் நடுவில் மணம் மூக்கை அடைக்கிறது. டியூடர் காலத்துப் பாத்தி இருந்த இடத்தைக் கண்டுபிடித்து எம்மா டென்ட் மீட்டது அது. அந்த அம்மாவைப் பற்றித் தனியாக எழுதவேண்டும். ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்ததும் அவர்தான். சதுரத்தின் இரண்டு பக்கமும் யூ மர வேலிகள், இரட்டை வரிசை. நடுவே ஆள் நடக்கலாம். வெளியே இருப்பவருக்கு உள்ளே போகிறவர் தெரியாது. சித்தி ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வந்து என்னைப் பயமுறுத்தினார், எழுபது வயதில்.

வேலிக்கு அருகே ரோஜா காம்பு வெட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரரிடம் சுவரைப் பற்றிக் கேட்டேன். செடிக்கும் சுவருக்கும் ஒத்துவருமா? அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். ரோஜா, கம்பியில் சாய்ந்து நிற்கும், வேண்டாதபோது அவிழ்த்து இறக்கிவிடலாம். ஐவி அப்படியில்லை, விரிசல் கிடைத்தால் வேரை உள்ளே விடும், தடித்து நெம்பும். பிறகு அதைப் பிடுங்கினாலும் ஆபத்து, அதுதான் கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும். சிமென்ட் பற்றியும் கேட்டேன். முகத்தைச் சுளித்தார். இந்தக் கல் மூச்சுவிடும் கல், இடுக்கில் சுண்ணாம்புச் சாந்துதான் பூசவேண்டும். சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லுக்குள் தங்கி, உறைபனியில் கல்லின் முகமே உதிரும். சுண்ணாம்பு ஆறுவதற்குள் உறைந்தால் கெட்டுவிடும் என்பதால் கடுங்குளிரில் அந்த வேலை நடக்காது.

நம்மூர்க் கடுக்காய்ச் சுண்ணாம்பை சித்தி அவருக்கு விளக்க, நான் மொழிபெயர்க்க, நல்ல அரைமணி நேரம் ஓடியது.

ஜூன் 19, புதன்

இரண்டில் எது பிடித்தது என்று தங்கை போனில் கேட்டாள். ஹேல்ஸ்தான் நேர்மையானது, சூட்லிதான் எனக்குப் பிடித்தது. சூட்லியில் ஒரு ஏமாற்று இருக்கிறது. இயற்கை கோட்டையை மெல்ல விழுங்குவதாக அந்த ரோஜாக்கள் நம்மை நம்பவைக்கின்றன. நிஜத்தில் விழுங்க விடாமல் ஒரு ஆள் கத்தரியோடு நிற்கிறார், இன்னொரு ஆள் சாந்துக் கரண்டியோடு. 1649-ல் நின்றுபோன மாதிரி தெரியும் அழிவை, வருஷா வருஷம் பணம் கொடுத்து அங்கேயே நிறுத்திவைத்திருக்கிறார்கள். கூரையுள்ள வீட்டைவிடக் கூரையில்லாத சுவருக்குத்தான் பராமரிப்பு தொல்லை, மழை மேலிருந்தே இறங்குமே. குடியிருக்கவும் முடியாது, வாடகைக்கு விடவும் முடியாது. அப்படியொரு சுவரை ஒரு குடும்பம் தாங்கவேண்டுமென்றால் டிக்கெட்டும் கல்யாணக் கூட்டமும் வேண்டித்தான் இருக்கிறது. சித்திக்கு டிக்கெட் விலை இன்னும் உறுத்துகிறது, அது வேறு விஷயம்.

போக நினைப்பவர்களுக்கு: ரோஜா ஜூனில். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், கல்யாணங்களும் நடக்கும் இடம் என்பதால் கிளம்புமுன் திறந்திருக்கும் நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி சித்தி எழுதச் சொன்னது ஒன்றுதான். முதலில் தேவாலயம், அப்புறம் தோட்டம். ரோஜாவுக்குள் நுழைந்துவிட்டால் ராணி ஞாபகம் வராதாம்.