இரவு எட்டு மணி மாத்திரை

"கடலுக்குப் போனா ராத்திரி மாத்திரைய எப்படிப் போடுறது தங்கச்சி?"

மீன்பிடித் தடைக்காலம் முடிய ஒரு வாரம் இருந்தது. மருந்து ஜன்னலுக்கு வெளியே பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். நான் அரை நிமிஷம்கூட யோசித்திருக்க மாட்டேன். "யாராச்சும் கேட்டா டிபி மாத்திரைன்னு சொல்லிடுங்கண்ணே" என்றேன்.

அந்த ஒரு வரிதான் இன்னும் என்னை விடவில்லை.

அவருக்கு எச்.ஐ.வி. மூன்று வருஷமாக ஒரே மாத்திரை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அதற்குள் இருக்கும். காலையில் வீட்டில் போட்டுக்கொண்டு ராமேஸ்வரத்தில் விசைப்படகு ஏறினால் மறுநாள் காலையில்தான் கரை. படகில் யாருக்கும் எதுவும் தெரியாது. மாத்திரை டப்பா பையில் கலகலக்காமல் இருக்க உள்ளே பஞ்சு வைத்து அடைத்திருப்பார்.

ஏப்ரலில் டிபி வந்தது. டிபிக்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், டோலுடெக்ராவிரை உடம்பிலிருந்து சீக்கிரமே கழித்துவிடும். அளவு குறைந்தால் வைரஸ் மறுபடி பெருகும். அந்த மருந்துக்கே மசியாமலும் போகலாம். அதனால் 12 மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் தனியாக இன்னொன்று போட வேண்டும். டிபி மருந்து நின்ற பிறகும் இரண்டு வாரம் அது தொடரும். தடைக்காலத்தின் 61 நாளும் அவர் கரையில் இருந்ததால் சிக்கல் இல்லை. கடல் திறந்துவிட்டால், எந்த நேரத்துக்கு மாற்றி வைத்தாலும் ஒரு மாத்திரை நடுக்கடலில்தான் விழும்.

டோலுடெக்ராவிருக்குப் பதிலாகக் கொடுக்க எஃபாவிரன்ஸ் இருக்கிறது. ரிஃபாம்பிசினோடு அதை ஒரு வேளை கொடுத்தாலே போதும். ஆனால் அது தலைசுற்றலும் கெட்ட கனவும் தரும் மருந்து. இரவில் வலை இழுக்கிறவருக்கு அதைக் கொடுக்க டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. அது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஆகஸ்டில் மருந்து வாங்க வந்தார். படகுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். "நீங்க சொன்ன மாதிரி டிபின்னுதான் சொன்னேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

ஐந்தாறு பேர் ஒரே படகில் சாப்பிட்டு, பக்கத்தில் பக்கத்தில் படுத்து எழுகிறவர்கள். அவர்கள் பயந்ததைத் தப்பு என்று எப்படிச் சொல்வது? அவருடைய சளிப் பரிசோதனையில் அதற்குள் கிருமி இல்லை என்று வந்திருந்தது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறவரிடமிருந்து அந்தக் கட்டத்தில் தொற்றாது. ஆனால் அதைப் படகு டிரைவரிடம் போய்ச் சொல்ல நான் யார்? அவர் சம்மதம் இல்லாமல் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று 2017ஆம் வருஷ எச்.ஐ.வி. சட்டமே இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் பேசியிருக்க மாட்டேன்.

சுகர் மாத்திரை என்று சொல்லச் சொல்லியிருக்கலாம். சுகருக்கு யார் பயப்படுகிறார்கள்? அது ஏன் என் வாயில் வரவில்லை என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். டிபி என்பது பாதி உண்மை. டிபியால்தானே அந்த இரண்டாவது மாத்திரை வந்தது? முழுப் பொய் சொல்லிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. என் மனசு உறுத்தாமல் இருந்ததற்கு படகில் அவருக்குக் கிடைத்துவந்த பங்கு போயிருக்கிறது.

நான் சொன்னது முழுக்கத் தப்பு என்றும் சொல்லிவிட முடியவில்லை. அவர் ஒரு வேளைகூட விடவில்லை. ரத்தத்தில் வைரஸின் அளவு (வைரல் லோடு) கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது. ஒளித்து ஒளித்துப் போட வேண்டியிருந்தால் எத்தனை இரவு விட்டுப்போயிருக்குமோ. இதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்கிறேன். அப்புறம், படகுத்துறையில் மீன் தரம் பிரிக்கும் தினக்கூலி வேலைக்கு அவர் போவது ஞாபகம் வரும்.

நவம்பரில் இரண்டாவது டப்பா நின்றது.

"இனிமே ஒண்ணுதானே?"

"ஒண்ணுதாண்ணே. காலையில மட்டும்."

டப்பாவைத் திறந்து, சட்டைப் பையிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்து உள்ளே அடைத்து, காதருகே ஒரு தடவை குலுக்கிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.