கௌரியைத் தேடிய மடல்கள்

எங்கள் சனசமூக நிலைய வாசிகசாலையின் புத்தகப் பட்டியலைக் கணினியில் ஏற்றி முடித்த பின்னேரம், சோதித்துப் பார்க்க "கௌரி" என்று தேடினேன். மூன்று புத்தகங்கள் வந்தன. அலுமாரியில் ஏழு இருந்தன. மற்ற நான்கும் பட்டியலில் கண்முன்னே தெரிந்தன, தேடினால் மட்டும் அகப்படவில்லை.

பட்டியல் லிப்ரே ஒஃபிஸ் கல்க் என்ற இலவச விரிதாள் மென்பொருளில் இருந்தது. அதற்குத் தன்னார்வமாக உதவுகிறவர்களின் குழுவுக்கு அன்றிரவே ஆங்கிலத்தில் மின்னஞ்சல் போட்டேன். தலைப்பு "அவசரம், உதவி தேவை". உள்ளே, தேடல் வேலை செய்யவில்லை என்று இரண்டு வரி. கூடவே கைத்தொலைபேசியில் திரையைப் பிடித்த நான்கு படங்கள். மூன்று நாள் பதில் இல்லை. அதே மடலைத் திரும்ப அனுப்பினேன், குழுவில் அடிக்கடி பதில் எழுதும் ஒருவரின் சொந்த முகவரிக்கும் ஒரு பிரதி போட்டேன். அவர் சுருக்கமாக எழுதினார்: குழுவிலேயே கேளுங்கள், மற்றவர்களுக்கும் பயன்படும், படம் வேண்டாம், சிறிய கோப்பு ஒன்று அனுப்புங்கள்.

முதலில் மனம் நொந்தது. ஆனால் அவர் சம்பளத்துக்கு இருக்கிறவர் அல்ல, தன் வேலை முடிந்து வந்து எங்களுடைய மடல்களை வாசிக்கிறவர். தமிழும் தெரியாதவர். அந்தப் படத்தை வைத்து அவர் என்ன செய்வார்? படத்தில் ஏழு கௌரியும் ஒரே மாதிரித்தானே இருக்கும்!

அடுத்த மடலுக்கு ஒரு முழு மாலை எடுத்தேன். பட்டியலில் புத்தகம் இரவல் கொண்டுபோனவர்களின் தொலைபேசி இலக்கங்களும் இருந்தன. குழுவுக்குப் போகும் மடல் இணையத்தில் யாரும் பார்க்கக்கூடியதாக நிரந்தரமாகக் கிடக்கும், அதனால் அந்த நிரலை முதலில் நீக்கினேன். பிறகு வரிகளை ஒவ்வொன்றாகக் குறைத்து, கடைசியில் இரண்டு வரிகளை மட்டும் விட்டேன்: தேடலில் வரும் கௌரி ஒன்று, வராத கௌரி ஒன்று. உபுண்டு 22.04, லிப்ரே ஒஃபிஸ் 7.3 என்று பதிப்புகளைக் குறித்தேன். என்ன செய்தேன், என்ன வரும் என்று நினைத்தேன், என்ன வந்தது என்று வரிசையாக எழுதினேன். பட்டியலில் பாதியை முன்பு ஒரு அக்கா பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தார், அதைப் பிறகு ஒரு மாற்றி மென்பொருளால் இன்றைய பொதுக் குறியீடான யுனிகோடுக்கு மாற்றினோம் என்பதையும் சேர்த்தேன். அது தேவைப்படும் என்று அப்போது நான் நினைக்கவில்லை. தலைப்பில் "அவசரம்" போய், "கல்க்: ஒரே மாதிரித் தெரியும் இரண்டு தமிழ்ச் சொற்களில் ஒன்றைத் தேடல் காட்டவில்லை" என்று வந்தது.

விடியப் பதில் இருந்தது. என் மடலில் தேவையான வரியை மட்டும் வைத்துக்கொண்டு, அதன் கீழே அவர் எழுதியிருந்தார்: இரண்டு சொல்லுக்கும், குறிகளை எண்ணிச் சொல்லும் லென் (LEN) சூத்திரம் போட்டுப் பாருங்கள். போட்டேன். ஒன்றுக்கு 4, மற்றதற்கு 5.

அப்போதுதான் விளங்கியது. பாமினியில் கௌ அடிக்க, கொம்பு, க, ள என்று மூன்று விசை. மாற்றி மென்பொருள் அந்த ள-வை எழுத்தாகவே விட்டுவிட்டது. கண்ணுக்குக் கௌரி, கணினிக்குக் கெ-ள-ரி.

"ெள" வரும் இடமெல்லாம் "ௌ" என்று மாற்றிவிடலாமே என்று அவர் கேட்டார். அப்படிச் செய்தால் வெள்ளியும் தெளிவும் சிதைந்துவிடும் என்று உதாரணத்தோடு எழுதினேன். சரி, ள-வுக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வராத இடங்களை மட்டும் பிடிக்கலாம் என்று, அப்படியான இடங்களை மட்டும் கண்டுபிடிக்கும் ஒரு தேடல் கோவை (regular expression) எழுதித் தந்தார். கௌசல்யா, சௌந்தரம், மௌனம், பௌர்ணமி எல்லாம் சரியாகின. மிச்சத்தைக் கண்ணால் பார்த்துத் திருத்தினேன்.

பிரச்சினை தீர்ந்ததும் பலர் பேசாமல் போய்விடுகிறார்கள். எனக்கு அது பொறுக்காது. இதே இடத்தில் முட்டி நிற்கும் இன்னொரு வாசிகசாலைக்காரருக்கு அந்தக் கடைசி மடல்தான் வழி. ஆகவே நன்றியோடு காரணத்தையும், எடுபட்ட கோவையையும் அதே தலைப்பின் கீழ் முழுமையாக எழுதிப் போட்டேன்.

இப்போது ஸ்ரீயில் நிற்கிறேன். ஶ என்ற எழுத்து யுனிகோடில் 2005இல்தான் சேர்ந்தது, அதனால் ஸ்ரீயை ஸ-வில் தொடங்கியும் ஶ-வில் தொடங்கியும் இரண்டு விதமாக அடிக்க முடிகிறது. எங்கள் பட்டியலில் இரண்டும் இருக்கின்றன. அது வேறு கேள்வி. கௌரி மடலின் வாலில் தொங்கவிடாமல் புதுத் தலைப்பில் எழுதி வைத்திருக்கிறேன். கோப்பில் இரண்டே வரி.