பிளேரோவும் பன்றிமுடியும் என் முதல் ஷேவிங் பிரஷ்ஷும்

எதிர்வீட்டுப் பெரியவர் ஷேவிங் பிரஷ்ஷை ஒருநாளும் பிரஷ் என்று சொன்னதில்லை. "பிளேரோ" என்பார். பிரெஞ்சு இராணுவத்தில் இருந்துவிட்டு, ஓய்வூதியத்தோடு புதுச்சேரி முத்தியால்பேட்டைக்குத் திரும்பியவர். காலை ஆறரைக்கு ஜன்னல் கம்பியில் கண்ணாடியை மாட்டித் திண்ணையில் உட்கார்ந்தாரென்றால், முகம் மழித்து முடிக்க இருபது நிமிடம் ஆகும். பள்ளிக்கூடம் போகும் வயதிலிருந்தே நான் பார்த்துவரும் காட்சி அது. ஆனாலும் பன்னிரண்டு வருடங்களாக டப்பா நுரையும் மூன்று பிளேடு ரேசருமாகத்தான் என் காலம் ஓடியது. கழுத்தில் ஓயாத தடிப்பு. முதல் பிளேடு முடியை இழுக்க, அடுத்தது தோலுக்குக் கீழே வெட்ட, வெட்டிய முடி திரும்பி உள்ளேயே வளர்கிறது. "ஒற்றை பிளேடுக்கு மாறு, முதலில் ஒரு நல்ல பிளேரோ வாங்கு" என்றார் பெரியவர்.

நான் வாங்கியது நல்லதல்ல. காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில், பழைய சார்ஜர்களுக்கும் சீப்புகளுக்கும் நடுவே கிடந்த எழுபது ரூபாய் பிரஷ். என்ன முடி என்று கேட்டேன். "நல்ல முடி சார்" என்றார் கடைக்காரர். மூன்றாம் நாள் அந்த நல்ல முடியில் ஏழெட்டு என் மேலுதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தன. புது பிரஷ் முதல் சில நாட்கள் ஓரிரு முடி உதிர்ப்பது வழக்கம்தான். இது கட்டே கழன்று வந்தது. அன்றிரவு தேடிப் படித்ததில் கிடைத்தது வயிற்றைக் கலக்கும் செய்தி. முதல் உலகப் போர்க் காலத்தில், சரியாகக் கிருமி நீக்காத குதிரைமுடி பிரஷ்களால் சிப்பாய்களுக்கும் மற்றவர்களுக்கும் ஆந்த்ராக்ஸ் தொற்றியிருக்கிறது. நம் ஊரில் மாடுகளுக்கு வரும் அடைப்பான் நோய் அதுதான். இன்றைக்கு அந்தப் பயம் தேவையில்லை என்று தெரியும். இருந்தாலும் எழுபது ரூபாய் பிரஷ் மறுநாளே பைக் செயின் துடைக்கப் போய்விட்டது.

அதே இரவில்தான் பிளேரோ என்றால் பிரெஞ்சு மொழியில் வளைக்கரடி (ஆங்கிலத்தில் பேட்ஜர்) என்பதும் தெரிந்தது. ஷேவிங் பிரஷ்ஷுக்கும் அந்த விலங்குக்கும் அங்கே ஒரே பெயர். இத்தனை வருடமாகப் பெரியவர் கரடி கரடி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பிரஷ்ஷுக்கான வளைக்கரடி முடி பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. மென்மையானது, தண்ணீரை நன்றாகப் பிடித்து வைக்கும், விலையும் அதற்கேற்றபடி. பியூர், பெஸ்ட், சூப்பர், சில்வர்டிப் என்று தரம் பிரித்து விற்கிறார்கள். பெஸ்ட்டுக்கு மேலும் இரண்டு படிகள் இருப்பதை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. இந்தப் பெயர்களுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒருவர் சூப்பர் என்பதை இன்னொருவர் பெஸ்ட் என்று விற்கலாம். முதல் பிரஷ்ஷுக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டேன்.

ஆயிரத்து நூறு ரூபாய்க்குப் பன்றிமுடி பிரஷ் ஒன்றைத் தருவித்தேன். இத்தாலியின் ஒமேகா, போர்ச்சுகலின் செமோக் என்று இந்த வகைக்குப் பெயர்போனவர்கள் பலர் இருக்கிறார்கள். ரசிகர்கள் ஒரு விஷயத்தைச் சரியாகவே சொல்லியிருந்தார்கள்: பன்றிமுடிக்குப் பொறுமை வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் ஊறவிட வேண்டும். கொதிக்கும் தண்ணீர் கூடாது, முடியும் கெடும், அடியில் உள்ள பசையும் இளகும். முதல் வாரம் நனைந்த நாயின் வாடை. கன்னத்தில் தேய்த்தால் தென்னந்துடைப்பத்தின் தங்கை. பதினைந்து நாள் கழித்து ஒரு காலை விரல் நுனியால் தடவிப் பார்த்தேன். ஒவ்வொரு முடியின் நுனியும் இரண்டாகவும் மூன்றாகவும் பிளந்து, பஞ்சு மாதிரி ஆகியிருந்தது. தண்டு விறைப்பாகவே இருக்க, நுனி மட்டும் குழைந்திருந்தது. அந்த ஒரு மாற்றத்துக்காகவே இன்றும் அந்த பிரஷ்மேல் எனக்குப் பாசம்.

அதற்குள் அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "பன்றி முடியையா முகத்தில் தேய்க்கிறாய்?" பல் துலக்கும் பிரஷ்ஷையே ஒரு காலத்தில் பன்றிமுடியில்தான் செய்தார்கள், 1938இல் நைலான் வந்த பிறகுதான் அது மாறியது என்று விளக்கப்போய், இரவு முழுக்க வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். பிரஷ் குளியலறையிலிருந்து நாடு கடத்தப்பட்டுப் பின்கட்டு ஜன்னலுக்குப் போனது. சிரித்துக்கொண்டே இதை அலுவலகத்தில் சொன்னபோது, உடன் வேலை பார்க்கும் நண்பர் சிரிக்கவில்லை. பன்றிமுடி அவருக்கு ஹராம். ஆசையோடு விசாரித்துக்கொண்டிருந்தவர் அத்தோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். வாங்கப் போகிறவரிடம் முதலில் சொல்ல வேண்டிய சங்கதி இது. நானோ கடைசியில், அதுவும் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன்.

உண்மையான சண்டை தண்ணீரோடுதான். எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகாது. சோப்பு மட்டும் நுரைத்துவிடுமா? அந்தத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து தயிர்த் திப்பி மாதிரி ஒரு படிவை உண்டாக்குகின்றன. புது பன்றிமுடி வேறு கிடைத்த நுரையையெல்லாம் உள்ளே விழுங்கிக்கொண்டது. பிரஷ்ஷைக் குறை சொல்லிக்கொண்டிருந்த நான், ஒருநாள் அரை டம்ளர் கேன் தண்ணீரில் முயன்று பார்த்தேன். அதே பிரஷ், அதே சோப்பு, டவராவிலிருந்து நுரை வழிந்தது. (டவராவும் அம்மாவுடையதுதான். அதைப் பற்றித் தனியாக ஒரு பஞ்சாயத்து நடந்தது.)

பன்றிமுடியை வீழ்த்தியது மழை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. மின்சாரம் இல்லை, துவைத்த துணி காயவில்லை, பிரஷ் மட்டும் எப்படிக் காயும்? ஜன்னல் நனைகிறதே என்று அதைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி வைத்தேன், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு. ஐந்தாம் நாள் திறந்தால் முடிக்கட்டின் அடியில் சாம்பல் நிறப் பூசணம். கவிழ்த்துத் தொங்கவிடுவதா, நிமிர்த்தி வைப்பதா என்று ரசிகர்கள் ஓயாமல் வாதம் செய்கிறார்கள். எப்படி வைத்தாலும் காற்றுப் பட வேண்டும், அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகையில் நம் கடலோரக் காற்றே ஈரத் துணிதான்.

ஆகவே செயற்கை இழைக்கு வந்து சேர்ந்தேன். இப்போது வருபவை நுனி மெலிந்த மென்மையான இழைகள். ஊறவைக்க வேண்டாம், பழக்க வேண்டாம். இழை தண்ணீரை உறிஞ்சாது, ஆகையால் நன்றாக உதறி வைத்தால் மழை நாளிலும் மாலைக்குள் காய்ந்துவிடுகிறது. சோப்பும் கொஞ்சம் போதும். குறையும் இல்லாமல் இல்லை. தண்ணீரைப் பிடித்து வைக்கத் தெரியாது, கொஞ்சம் அதிகமானால் முழங்கை வரை வழியும். அழுத்தினால் எகிறிக் கண்ணாடியில் நுரைப்பொட்டு வைக்கும்.

அளவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. படத்தைப் பார்த்துப் பெரிதாக வாங்காதீர்கள். முடிக்கட்டின் அடிப்பகுதி 22 முதல் 24 மில்லிமீட்டர் குறுக்களவு போதும்; 28 என்றால் மூக்குக்குக் கீழே நுழைக்கும்போது மூக்குக்குள்ளேயே போகும். கைப்பிடிக்கு மேலே தெரியும் முடியின் உயரம் 50 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கட்டும். உயரம் கூடினால் துவளும், குறைந்தால் குத்தும். கைப்பிடி ஈரக் கையில் வழுக்காமல் இடுப்பு ஒடுங்கி இருக்கிறதா என்று பாருங்கள். மரக் கைப்பிடி நம் ஈரத்துக்கு வெடிக்கும். எனக்குப் பிசின் (ரெசின்) கைப்பிடிதான்.

போன ஞாயிறு அதை எடுத்துப்போய்ப் பெரியவரிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, இழையை உள்ளங்கையில் அழுத்தி, விட்டு, திரும்ப அழுத்திப் பார்த்தார். தன் பிரஷ்ஷை ஒரு முறை பார்த்துக்கொண்டார். முடி பாதி உதிர்ந்த பழசு அது, நடுவில் ஒரு பள்ளம். பிறகு என் பிரஷ்ஷையே சோப்பில் சுழற்றித் தன் இடது கன்னத்தில் நுரை ஏற்றிக்கொண்டார்.

"நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். "ஆனால் இது பிளேரோ இல்லை." வலது கன்னத்துக்குத் தன்னுடையதை எடுத்துக்கொண்டார்.