நாலாம் நம்பர் காலியாக இல்லை

ஜனவரியில் ஒரு சாயங்காலம், டீமில் சேர்ந்து எட்டு மாதமே ஆன தம்பி ஒருவர் நாற்காலியை என் பக்கம் உருட்டிக்கொண்டு வந்து, "சார்ஜ் டைப்புல நாலு சும்மாதான் இருக்குதுங்ணா, புதுசா வர்ற பேக்கிங் சார்ஜுக்கு அதையே எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டார். நாங்கள் கோவையில் சின்ன, நடுத்தர வியாபாரங்களுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்கிறோம். அதில், பில்லில் வரும் கட்டணம் எந்த வகை என்று சொல்லும் சார்ஜ் டைப் என்று ஒரு ஃபீல்டு உண்டு, ஒரே ஒரு இலக்கம்தான் பிடிக்கும், பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை எல்லாம் எப்போதோ நிரம்பிவிட்டது. தம்பி போகிற போக்கில் கேட்கவில்லை. டேட்டாபேஸில் தேடி, 2017 ஜூலைக்கு அப்புறம் நாலு போட்ட ரெக்கார்டு ஒன்றுகூட இல்லை என்று பார்த்து வைத்துக்கொண்டுதான் வந்திருந்தார். அந்த வயதில் நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

நாலு என்பது கிருஷி கல்யாண் செஸ். சேவை வரியோடு கூட அரை சதவீதம் வாங்கினார்களே, அது. 2016 ஜூன் 1-ல் வந்தது, 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததும் போய்விட்டது. செஸ் போய்விட்டதே தவிர அதைக் கணக்குப் பண்ணுகிற புரோகிராம் போகவில்லை. ராத்திரி ஒன்றேகாலுக்கு அது ஒரு ஜாபாகத் தானாகவே ஓடும். அன்றைக்கு நாலு போட்டு வந்த ரெக்கார்டுகளை எல்லாம் எடுத்து, அரை சதவீதம் கணக்கிட்டு, தனி லெட்ஜரில் பற்று எழுதிவிடும். அத்தனை வருஷமாகத் தினமும் அது எழுந்து, ரெக்கார்டு எதுவும் இல்லை என்று பார்த்து, வெற்றிகரமாக முடிந்தது என்று மெயில் அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த மெயிலைத் தனி ஃபோல்டருக்குத் தள்ளும் ரூல் எங்கள் எல்லோருடைய மெயில்பாக்ஸிலும் இருக்கிறது.

தம்பி கேட்டதற்கு நான் சரி என்று சொல்லியிருந்தால், அடுத்த ரிலீஸிலிருந்து வாடிக்கையாளர்கள் போடும் ஒவ்வொரு பேக்கிங் சார்ஜுக்கும் இல்லாத ஒரு செஸ்ஸுக்கான பற்று விழுந்திருக்கும். புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று தானாகச் சோதிக்கும் டெஸ்ட் எதுவும் இதைப் பிடித்திருக்காது. ஏனென்றால் அந்த ஜாபுக்கு டெஸ்ட் இருக்கிறது, பாஸும் ஆகிறது. நாலு வந்தால் அரை சதவீதம் போடு என்றுதான் அந்த டெஸ்டே சொல்கிறது.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது நைட் கேப்பிட்டல். இந்தத் தொழிலுக்கு வருகிற எல்லோருக்கும் முதல் வாரத்திலேயே சொல்லித்தர வேண்டிய கதை இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நைட் கேப்பிட்டல் அமெரிக்காவில் பங்கு வர்த்தகம் செய்த பெரிய நிறுவனம். ஆர்டர்களைச் சந்தைக்கு அனுப்பும் அவர்களுடைய சாஃப்ட்வேரில் பவர் பெக் என்று ஒரு பகுதி இருந்தது. அதைப் பயன்படுத்துவதை 2003-லேயே நிறுத்திவிட்டார்கள், ஆனால் அதன் கோட், அதாவது புரோகிராம் வரிகள், அப்படியே இருந்தது. 2005-ல், எத்தனை பங்கு வாங்கியாயிற்று, போதும் நிறுத்து என்று எண்ணிப் பார்க்கிற பகுதியை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். பவர் பெக்கைத்தான் யாரும் பயன்படுத்துவதில்லையே, அதனால் மாற்றிய பிறகு அது சரியாக நிற்கிறதா என்று மறுபடி டெஸ்ட் பண்ணவில்லை. அப்புறம் ஏழு வருஷம் அது அப்படியே கிடந்தது.

2012 ஆகஸ்ட் 1-ல் நியூயார்க் பங்குச் சந்தை சில்லறை முதலீட்டாளர்களுக்காக ஒரு புதுத் திட்டம் தொடங்கியது. அதற்காக எழுதிய புதுக் கோடை பவர் பெக் இருந்த இடத்தில் வைத்து, பழசை அதோடு தூக்கிவிடுவதாக ஏற்பாடு. பவர் பெக்கைக் கிளப்ப முன்பு வைத்திருந்த ஃபிளாக்கையே, அதாவது இதை ஓட்டு என்று சொல்லும் குறியையே, புதியதற்கும் எடுத்துக்கொண்டார்கள். எட்டு சர்வர். டிப்ளாய் செய்தவர், அதாவது சர்வர்களில் ஏற்றியவர், ஏழில் புதுக் கோடைப் போட்டார், எட்டாவது விட்டுப்போனது. இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று எழுதிவைத்த நடைமுறை எதுவும் அங்கே கிடையாது. அன்று காலை சந்தை திறப்பதற்கு முன்பே பவர் பெக் பெயரைச் சொல்லும் பிழைச் செய்தியோடு 97 மெயில்கள் உள்ளே போயிருக்கின்றன, யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. ஒன்பதரைக்குச் சந்தை திறந்ததும் எட்டாவது சர்வரில் பவர் பெக் எழுந்துவிட்டது. போதும் என்று சொல்ல வேண்டிய எண்ணிக்கை அதற்கு எட்டவில்லை, ஆகவே அனுப்பிக்கொண்டே இருந்தது. வாடிக்கையாளர்கள் கொடுத்த ஆர்டர் 212. அதற்குச் சந்தையில் நடந்த வர்த்தகம் சுமார் 45 நிமிடத்தில் நாற்பது லட்சம். எங்கே கோளாறு என்று புரியாமல், புதுக் கோட்தான் காரணமோ என்று மற்ற ஏழு சர்வர்களிலிருந்தும் அதை எடுத்தார்கள். அந்த ஏழிலும் பவர் பெக் எழுந்துகொண்டது. நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் இன்னொன்றோடு இணைக்கப்பட்டுவிட்டது.

இந்தக் கதையைக் கேட்டவர்கள் பெரும்பாலும், டிப்ளாய்மென்டை ஆட்டோமேட் செய்திருக்க வேண்டும் என்கிறார்கள். செய்திருக்க வேண்டும்தான். ஆனால் எனக்கு உறுத்துவது அது கிடையாது. 2003-லேயே பவர் பெக்கை எடுத்து எறிந்திருந்தால் எட்டாவது சர்வரில் எழுந்து ஓட எதுவுமே இருந்திருக்காது. கூடிப்போனால் அந்த 212 ஆர்டரில் சில போகாமல் நின்றிருக்கும். பழசை எடுப்பதையும் புதுசைப் போடுவதையும் ஒரே ரிலீஸில் ஒரே ஃபிளாக்கில் வைத்துக்கொண்டதுதான் வினை.

இது பங்குச் சந்தைக்கு மட்டுமான கதை என்று நினைத்துவிட வேண்டாம். 1996 ஜூன் 4-ல் பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து முதல்முறையாகக் கிளம்பிய ஏரியன் 5 ராக்கெட் நாற்பது வினாடிக்குள் வெடித்துச் சிதறியது, நான்கு செயற்கைக்கோள்களோடு. 64 பிட் எண்ணை 16 பிட்டில் அடைக்கப் பார்த்ததால் வந்த பிழை என்று எல்லாப் பாடத்திலும் இருக்கும். பாடத்தில் விட்டுப்போவது இன்னொன்று: அந்த எண்ணைத் தந்த கணக்கு ராக்கெட் தரையில் நிற்கும்வரைதான் தேவை. மேலே கிளம்பியபின் அதற்கு ஒரு வேலையும் இல்லை. ஏரியன் 4-ல் ஏதோ ஒரு காரணத்துக்காகக் கிளம்பியபின்னும் நாற்பது வினாடி ஓடவிட்டிருந்தார்கள், ஏரியன் 5-ல் அந்தக் காரணமும் இல்லை. ஓடுகிறதே, எதற்குக் கை வைப்பானேன் என்று விட்டுவிட்டார்கள்.

எங்கள் தொழிலில் புதிது புதிதாக வரும் முறைகளில் பெரும்பாலானவற்றின் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. பதினாறு வருஷத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். வேலையின் அளவுக்கு ஸ்டோரி பாயின்ட் என்று மதிப்பெண் போட்டால் தேதி துல்லியமாக வரும் என்றார்கள், வரவில்லை. டெஸ்ட் கவரேஜ், அதாவது கோடில் டெஸ்ட் தொடும் பங்கு, எண்பது சதவீதம் என்று கட்டாயமாக்கினார்கள், ஜனங்கள் செத்துப்போன கோடுக்குக்கூட டெஸ்ட் எழுதி எண்பதைத் தொட்டார்கள். அந்த டெஸ்ட் இருப்பதாலேயே அது உயிரோடு இருக்கிற கோட் மாதிரித் தெரிகிறது, நீக்கப் போனால் கவரேஜ் குறைகிறது என்று, கோடைச் சாஃப்ட்வேராகக் கட்டும் பில்ட் தடுக்கிறது. இவை எதுவும் கெட்ட எண்ணத்தில் வந்தவை என்று நான் சொல்லவில்லை. எல்லாமே சேர்ப்பதைப் பற்றியே பேசுகின்றன, எடுப்பதைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

ஏன் யாரும் எடுப்பதில்லை என்பதற்கு அப்ரைசல் ஃபாரமைப் பார்த்தால் போதும். இந்த வருஷம் என்ன புதிதாகச் செய்தீர்கள் என்றுதான் கேட்கிறது. சென்னையில் ஓஎம்ஆர் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் நான் இருந்தபோது, யாரும் கூப்பிடாத ரிப்போர்ட் மாட்யூல் ஒன்றை மூன்று வாரம் உட்கார்ந்து சுத்தமாக எடுத்தேன். பில்ட் ஆகும் நேரம் 22 நிமிடத்திலிருந்து 14-க்கு வந்தது. அப்ரைசலில் அதைச் சொன்னபோது மேனேஜர் நிஜமாகவே புரியாமல், "அது சரிப்பா, டெலிவர் பண்ணது என்ன?" என்று கேட்டார். நல்ல மனுஷர். அவருக்கு மேலே இருப்பவரிடம் காட்ட அவருக்கும் ஒரு பட்டியல் வேண்டும், அதில் இல்லாமல்போன ஒன்றை எப்படிக் காட்டுவது? 1982-ல் ஆப்பிளில் இதே நடந்திருக்கிறது. வாரம் எத்தனை வரி எழுதினீர்கள் என்று எல்லோரும் ஒரு ஃபாரம் எழுதித் தர வேண்டும். அங்கே புரோகிராமராக இருந்த பில் அட்கின்சன் அந்த வாரம், திரையில் படம் வரையும் குவிக்டிராவின் ஒரு பகுதியைத் திருத்தி எழுதி, அதை ஆறு மடங்கு வேகமாக்கி, கோடையும் குறைத்திருந்தார். எண்ணிக்கைக் கட்டத்தில் மைனஸ் 2000 என்று எழுதிக் கொடுத்தார். சில வாரத்தில் அவரிடம் ஃபாரம் கேட்பதை நிறுத்திவிட்டார்களாம். நிறுத்தியதோடு சரி, அந்த எண்ணை எப்படி மதிப்பது என்று நாற்பது வருஷம் கழித்தும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இன்னொரு காரணம் பயம். பயத்தைக் குறை சொல்ல மாட்டேன், நியாயமான பயம். ஒரு கோடை நீக்க வேண்டுமென்றால் அது எதற்காக வந்தது என்று தெரிந்த ஆள் வேண்டும். நம் ஊரில் அந்த ஆள் இரண்டு மூன்று வருஷத்தில் வேலை மாறிவிடுகிறார். தொண்ணூறு நாள் நோட்டீஸ் பீரியட் என்று பேர். அதில் கடைசி இரண்டு வாரம் கேடி என்கிற வேலை ஒப்படைப்பு நடக்கும், எந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது, எந்த ஜாப் எப்போது ஓடும் என்று ஸ்கிரீனைக் காட்டிச் சொல்லிக்கொண்டே போவார், ரெக்கார்டிங்கும் நடக்கும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை, கேட்கத் தோன்றாது. அவர் போனபின் சந்தேகம் வந்து சீனியரிடம் போனால், "சும்மா கிடந்த சங்கை எதுக்குப்பா ஊதறே" என்பார். சம்பளத்தைப் பத்து சதவீதம் கூட்டி அந்த ஆளை இருக்க வைத்திருந்தால் எவ்வளவு மிச்சம் என்று யாராவது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்று சொன்னபோது எல்லோரும் மணிக்கணக்கைப் பற்றியே சண்டை போட்டோம். நான் அப்போது இரண்டு வாரம் ஒரு நோட்டில் என் நேரத்தை எழுதிப் பார்த்தேன். மொத்தம் 86 மணி நேர வேலையில் 19 மணி, கடைசியில் எங்குமே பயன்படாதது என்று தெரிந்த கோடைப் படித்துப் புரிந்துகொள்வதில் போயிருந்தது. என் ஒருவனுடைய கணக்குதான், பொதுவாக்க மாட்டேன். ஆனால் அந்த 19 மணியில் என் பெண்ணை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டி வந்திருக்கலாம். வருத்தமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

சரி, நாலாம் நம்பருக்கு வருகிறேன். தம்பியிடம் வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்ப மனசு வரவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து பழைய வரிக் கோட் மொத்தத்தையும் திறந்தோம். சேவை வரியின் வரலாறே அதில் இருந்தது: 12.36 சதவீதம், 2015 ஜூனில் 14, நவம்பரில் ஸ்வச் பாரத் செஸ்ஸோடு 14.5, 2016 ஜூனில் 15, ஒவ்வொன்றுக்கும் ஒரு இஃப், அதாவது நிபந்தனை. பக்கத்திலேயே மாநில விற்பனை வரியான வாட். எல்லாமே 2017-ல் செத்தது, ஒரே நாளில் நீக்கிவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. இருந்தாலும் நீக்கவில்லை. உள்ளே நுழையும் ஒவ்வொரு இடத்திலும் யாராவது வந்தால் பதிவு செய்யும் லாக் வரி ஒன்று மட்டும் வைத்து, மார்ச் 31 கணக்கு முடிப்பு தாண்டும்வரை காத்திருப்போம் என்று முடிவு பண்ணினோம்.

மறுநாள் காலையே லாக்கில் வாட் வந்து நின்றது. ஒன்றல்ல, நாற்பத்தாறு. தேடிப் பார்த்தால், பல்லடம் ரோட்டில் டீசல் பங்க் வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர். பெட்ரோல், டீசல் ஜிஎஸ்டிக்குள் வரவே இல்லையே, இன்னும் வாட்தான். எனக்குத் தெரிந்த விஷயம்தான், அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. நீக்கியிருந்தால் பங்கில் பில் நின்றிருக்கும். அந்தப் பகுதியை வெளியே எடுத்து, 'எரிபொருள் வாட், நடப்பில் உள்ளது' என்று புதுப் பெயர் வைத்தோம், பழைய பெயரில் 'ஓல்டு' என்று இருந்தது.

சேவை வரிப் பக்கம் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்று மாதமும் ராத்திரி ஒன்றேகால் ஜாபைத் தவிர யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மே இரண்டாம் வாரம் தம்பியே அதை நீக்கினார், டெஸ்டோடு சேர்த்து 6,200 வரி. அந்த ரிலீஸில் வேறு எதுவும் போடவில்லை, அது ஒன்று மட்டும்தான். பழைய பில்களைப் பார்க்க வேண்டுமே, அதனால் நாலுக்கு எதிரே கிருஷி கல்யாண் செஸ், 2016-2017, வேறு எதற்கும் தரக்கூடாது என்று எழுதி வைத்தோம். ஃபீல்டை இரண்டு இலக்கமாக்க மூன்று வாரம் பிடித்தது, பில் பிரின்ட் ஃபார்மட் எல்லாவற்றையும் தொட வேண்டியிருந்தது. மேனேஜருக்கு அந்த மூன்று வாரம் பிடிக்கவில்லை, நைட் கேப்பிட்டல் கதையை அவரிடமும் உட்கார்ந்து சொன்னேன், கேட்டுக்கொண்டார். பேக்கிங் சார்ஜ் இப்போது பத்தாம் நம்பர்.